வேர்வை வராத வைகாசி

எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பிலிருந்து பின்கட்டுக் கக்கூசுக்கு நடந்தால் 94 எட்டு. எண்ணி வைத்திருக்கிறேன். நிலைவாசல், வளவு என்கிற நடுமுற்றம், அதைச் சுற்றிய தாழ்வாரம், இரண்டாம் கட்டில் பந்தி போடும் நீளக் கூடம், மூன்றாம் கட்டில் அடுப்படி, கிணற்றடி, அதற்கும் பிறகு பின்வாசல் சுவரை ஒட்டி ஒரு தகரக் கதவு. செட்டிநாட்டில் பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்றுச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. அசுத்தம் கண்ணில் படக்கூடாது என்று கடைசியில் தள்ளி வைத்தது அந்தக் காலத்துக்குச் சரியான ஏற்பாடுதான். எனக்குத்தான் அந்த 94 எட்டு பெரிய கணக்காகிவிட்டது. அடிவயிற்றில் முதல் சேதி வந்ததிலிருந்து என்னை மீறிப் போகும் வரை எனக்குக் கிடைப்பது சுமார் 40 எட்டு. வளவைத் தாண்டுவதற்குள் அது முடிந்துவிடும்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். காரைக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், வயது 42. 2012இல் ஒருநாள் காலை, கரும்பலகையில் நானே எழுதிய எண்கள் இடது கண்ணுக்குச் சாயம் போனதுபோல் தெரிந்தன. கண்ணை உருட்டினால் வலித்தது. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெயரைச் சொன்னார்கள். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே அரித்துவிடும் நோய் இது. உறை போன இடத்தில் தழும்பு விழும். அந்த வழியாகப் போக வேண்டிய சேதி தாமதமாகும், சில நேரம் போகாமலே நின்றுவிடும். 1868இல் பாரீஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இதை ஒரு தனி நோயாக விளக்கியபோது, மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட அந்தத் தழும்புகளை வைத்தே பெயரும் வைத்தார்.

அன்றிலிருந்து ஊரில் பார்ப்பவர்கள் எல்லாரும் என் காலைத்தான் விசாரிக்கிறார்கள். "நடை எப்படி இருக்கு?" என்பார்கள். கண்ணைக் கேட்பார்கள். கை நடுங்குகிறதா என்று பார்ப்பார்கள். அன்போடு கேட்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த 13 வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தவை வேறு. எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மூத்திரம் அடங்காதது, அடங்கிய நேரத்தில் இறங்காதது, மலச்சிக்கல், வேர்வை, சாயங்காலமானால் நீலம் பாய்ந்து சில்லிடும் பாதம். இவற்றை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இவை எல்லாம் எம்.எஸ்.ஸின் வேலையாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியவே 5 வருடம் ஆனது. அந்த 5 வருடம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இவை எல்லாம் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பொறுப்பில் இருப்பவை. செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது. அந்தக் காலத்தில் வீட்டுத் தலைவரான அய்யா ரங்கூனில் இருப்பார். மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் கப்பலேறி வருவார். அவர் இல்லாத வீட்டில் பொழுது சாய்ந்தால் விளக்கு ஏறும். நெல் அளக்கப்படும். கிணற்றுக் கயிறு இற்றுப்போனால் புதுக்கயிறு வரும். வந்த விருந்தாளிக்கு இலை விழும். இவை எதற்கும் அய்யாவைக் கேட்டு யாரும் கடுதாசி போடுவதில்லை; அய்யாவும் நினைத்துப் பார்ப்பதில்லை. உடம்பிலும் அப்படித்தான். கையைத் தூக்கு, காலை எடு என்பது அய்யாவின் உத்தரவு. இதயம் எந்த வேகத்தில் அடிப்பது, எந்த ரத்தக்குழாய் சுருங்குவது, எப்போது வேர்ப்பது, குடல் எப்படி நகர்வது என்பதெல்லாம் உள்வீட்டு நிர்வாகம். பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அவைதான். 1898இல் இங்கிலாந்தின் லாங்லி என்ற உடலியல் அறிஞர் இதற்குத் தன்னியக்கம் என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார்.

இந்த நிர்வாகத்தின் தலைமை இருப்பது மூளையின் அடியில் ஹைப்போதலாமஸிலும், அதற்குக் கீழே மூளைத்தண்டிலும். அங்கிருந்து உத்தரவுகள் தண்டுவடம் வழியாக இறங்குகின்றன. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் உரியவை தண்டுவடத்தின் கடைசிப் பகுதிவரை போக வேண்டும். எம்.எஸ். தழும்புகள் அடிக்கடி விழும் இடங்களில் மூளைத்தண்டும் தண்டுவடமும் உண்டு. எனக்கும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இரண்டு தழும்பு. என் படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதை 2012லேயே பார்த்தேன். அந்தப் புள்ளிகளுக்கும் கக்கூசுக்கு நான் ஓடும் ஓட்டத்துக்கும் உறவு இருக்கும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் வந்தது தலைசுற்றல். காலையில் பிரேயரில் பிள்ளைகளோடு பத்து நிமிடம் நிற்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் காதுக்குள் இரைச்சல், பிறகு கண்ணின் ஓரங்களிலிருந்து கறுப்பு உள்ளே நகர்ந்து வரும். கொப்புடையம்மன் கோயிலில் வரிசையில் நிற்கும்போது ஒருமுறை முன்னால் நின்ற அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, "விசேஷமா?" என்றார். கல்யாணமான பெண்ணுக்கு மயக்கம் வந்தால் நம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி அது. அந்த வருடம் மட்டும் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லும்போது, நோயோடு பிள்ளை பெறலாமா என்று நாங்கள் இருவரும் ராத்திரி ராத்திரியாகப் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வரும். காதுக்கு ஒரு டாக்டரிடம் போனேன். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். அதுவே மலச்சிக்கலை இன்னும் இறுக்கியது.

கடைசியில் மதுரையில் என்னைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர்தான், ஒரு சாதாரண ரத்த அழுத்தக் கருவியை வைத்துக் கண்டுபிடித்தார். என்னைப் படுக்க வைத்து அளந்தார்: 118க்கு 76. எழுந்து நிற்கச் சொல்லி மூன்றாவது நிமிடம் அளந்தார்: 94க்கு 64. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே அது நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும் கோளாறு. எனக்கு இரண்டுமே குறைந்திருந்தன. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறதாம். கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டு மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சேதி அனுப்ப, அடுத்த நொடியே கால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், இதயம் வேகம் கூட்டும். ஆரோக்கியமான உடம்பில் இது நடப்பதே தெரியாது. எனக்கு அந்தச் சேதி வழியில் நின்றுவிடுகிறது.

சிலருக்கு அழுத்தம் இறங்காது, ஆனால் நின்ற 10 நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு 30க்கும் மேல் ஏறிவிடும். அதுவும் எம்.எஸ். உள்ளவர்களிடம் காணப்படுவதுதான். நெஞ்சு படபடக்கிறது என்று அவர்கள் சொன்னால், பயந்த சுபாவம் என்று பேர் வைத்துவிடுவார்கள். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே சாய்மேசைச் சோதனை இருக்கிறது: கட்டிலில் பட்டையால் கட்டி, மெல்ல நிமிர்த்தி, அழுத்தத்தையும் துடிப்பையும் பதிவார்கள். ஆனால் என் வரையில் அந்த ஐந்து நிமிட அளவை போதுமானதாக இருந்தது. படுத்து ஒருமுறை, நின்று ஒருமுறை. எம்.எஸ். உள்ள ஒவ்வொருவருக்கும் இதை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். செலவு ஒன்றுமில்லை.

சிறுநீர் சமாசாரத்துக்கு வருகிறேன். நம் பெண்கள் இதைப் பேச எவ்வளவு கூசுவார்கள் என்று தெரியும், நானும் கூசியவள்தான்.

சிறுநீர்ப்பைக்கு இரண்டு வேலை. சேர்த்து வைக்க வேண்டும். சொன்ன நேரத்தில் மொத்தமும் வெளியேற்ற வேண்டும். சேர்க்கும்போது பையின் தசை தளர்ந்து, வாயில் உள்ள சுருக்குத்தசை இறுகி இருக்கும். வெளியேற்றும்போது பை சுருங்கும், அதே கணத்தில் வாய் தளர வேண்டும். இந்த இரண்டையும் ஒத்துப்போக வைப்பது மூளைத்தண்டில் இருக்கும் ஒரு மையம். அங்கிருந்து தண்டுவடத்தின் கடைசிவரை வழி சரியாக இருந்தால்தான் பையும் வாயும் ஒன்றுக்கொன்று இசைந்து வேலை செய்யும். எனக்கு வழியில் தழும்பு. அதனால் பை பாதி நிறைவதற்குள்ளேயே தானாகச் சுருங்கி அவசரப்படுத்துகிறது. ஓடிப்போய் உட்கார்ந்தால், பை சுருங்கும்போதே வாயும் இறுகிக்கொள்கிறது. கொஞ்சம் வரும், நின்றுவிடும். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்ததும் மறுபடி முட்டும். அடக்க முடியாமை, இறங்காமை இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி இருக்கும் என்று என் கணவரே கேட்டார். இருக்கும். எம்.எஸ்.ஸில் பலருக்கு அப்படித்தான்.

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பள்ளிக்கூடத்தில் பெண் ஆசிரியைகள் பலர் நோய் இல்லாமலே இதைச் செய்கிறார்கள். காலை 8 மணிக்கு ஒரு வாய் காப்பி, பிறகு சாயங்காலம் 5 மணிவரை ஒன்றுமில்லை. கணக்கு டீச்சராக இருந்தும் இந்தக் கணக்கை நான் தப்பாகப் போட்டேன். தண்ணீர் குறைந்ததும் ரத்தத்தின் அளவு குறைந்தது. ஏற்கெனவே நின்றால் இறங்கும் அழுத்தம் இன்னும் இறங்கியது, தலைசுற்றல் கூடியது. தண்ணீர் போதாமல் மலம் கட்டியானது. நிறைந்த மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்த, அவசரம் இன்னும் மோசமானது. பையில் தேங்கிய மிச்சத்தில் கிருமி வளர்ந்தது. கிருமி வந்தால் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் என் கால் இரண்டும் ஈரத்துணி மாதிரித் தொய்ந்துவிடும், நோய் திரும்பி வந்துவிட்டது என்று ஸ்டீராய்டு ஏற்றப் போவோம். 2015லும் 2016லும் நான்கு முறை இப்படி நடந்தது. எம்.எஸ். மறுபடி தாக்கியது என்று சொல்ல வேண்டுமானால், புது அறிகுறி 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும், காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வீட்டு அலமாரியில் சிறுநீர் பிடிக்கும் டப்பா எப்போதும் இருக்கிறது.

2017 பங்குனியில் ஒரு டாக்டர் அவசரத்தைக் குறைக்க ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை கொடுத்தார். வாய் உலரும் என்று மட்டும் சொன்னார். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. மாத்திரை நன்றாகவே கேட்டது. 40 எட்டு 80 ஆனது. சந்தைக்குப் போய் நிதானமாகக் காய் வாங்கினேன். இரண்டாவது பீரியடுக்கும் மூன்றாவது பீரியடுக்கும் இடையில் ஓடாமல் இருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் ரவிக்கை நனைவதே இல்லை என்பதைக் கவனித்தேன். வெயில் ஏற ஏற எல்லாரும் முந்தானையால் முகம் துடைக்கிறார்கள், எனக்கு மட்டும் வேர்க்கவில்லை. அது நல்லதற்கு என்றே நினைத்தேன்.

வைகாசியில் ஊரில் எங்கள் பங்காளிகள் சேர்ந்து படைப்பு வைத்தார்கள். முன்னோருக்குப் புதுச்சேலை, வேட்டி வைத்து, வீட்டுப் பெண்கள் சமைத்துப் படைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்து வெயில். மூன்றாம் கட்டில் நான்கு விறகு அடுப்பு. நான் வடைக்கு எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்துதானே இருக்கிறோம், தலை சுற்றாது என்று நம்பிக்கை. பதினொரு மணி வாக்கில் சட்டியில் இருந்த வடைகள் இடது கண்ணுக்குத் தெரியாமல் போயின. 2012இல் போன அதே கண், அதே சாம்பல் நிறம். சட்டுவத்தை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். கால் எழவில்லை. என்னைச் சுற்றிலும் பெண்கள் வேர்த்துக் கொட்டி நிற்கிறார்கள். எனக்குத் தோல் பொரிகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"படைப்பு வீட்டுல ஐயாமாருக்கு ஏதோ குறை வச்சிட்டோம்போல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போது 86 வயது அப்பத்தா, கம்பை ஊன்றி அடுப்படிக்குள் வந்து என் முகத்தைத் தொட்டுப் பார்த்தவள் சொன்னாள்: "இந்தப் பிள்ளை நெத்தியில ஒரு பொட்டு வேர்வை இல்லையேத்தா. தொட்டுப் பாருங்க, தோசைக்கல்லாட்டம் கொதிக்குது. தூக்குங்க, வளவுக்குத் தூக்குங்க."

என்னை வளவுத் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் வெறும் தரையில் கிடத்தினார்கள். அந்தக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடியின் மேல் சாயமும் மணலும் சிமெண்டும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. மே மாதத்திலும் முதுகுக்குச் சில்லென்று இருக்கும். அப்பத்தா கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்கச் சொன்னாள். அண்ணன் மனைவி, எங்கள் அண்ணமிண்டி, விசிறினாள். அம்மான் காரில் இருந்த ஐஸ் தண்ணீர் பாட்டிலை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். காய்ச்சல்மானியில் 102 காட்டியது. முக்கால் மணி நேரத்தில் மேலே இருந்த முற்றத்துக் கம்பிகள் இடது கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. சாயங்காலம் நானே எழுந்து நடந்தேன். படைப்பு நின்றுபோகவில்லை, பேழையில் சேலை வைத்தார்கள், எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் அன்றைக்கு ஒரு பயம் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் மதுரை டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். நரம்பு தன் நுனியிலிருந்து ஒரு ரசாயனத்தைச் சொட்டித்தான் தசைக்கும் சுரப்பிக்கும் உத்தரவு சொல்கிறது. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் சொல்லும் ரசாயனம் அசிட்டைல்கோலின். எச்சில் ஊறச் சொல்வதும் குடலை நகரச் சொல்வதும் அதுவே. பரிவு நரம்புகள் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற வேறொரு ரசாயனத்தால் பேசும்; ஆனால் வேர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் பரிவு நரம்புகள் மட்டும் விதிவிலக்கு. அவையும் அசிட்டைல்கோலின்தான் சொட்டுகின்றன. நான் சாப்பிட்ட மாத்திரை அந்த ரசாயனம் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். பையில் அடைத்தது நான் கேட்டது. வாயிலும் குடலிலும் தோலிலும் அடைத்ததை நான் கேட்கவில்லை. இதில் இன்னொன்றும் சேர்ந்தது: எம்.எஸ். தழும்புகளாலேயே சிலருக்கு வேர்வை குறைந்துவிடும். எனக்கு ஏற்கெனவே அரைகுறையாக இருந்ததை மாத்திரை முழுதாக நிறுத்தியிருக்கிறது. 40 டிகிரியைத் தொடும் ஊரில் வேர்க்காத உடம்பு எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை.

கண் போய்த் திரும்பியதற்கும் பெயர் இருந்தது: ஊட்ஹாஃப் நிகழ்வு. 1890இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகள் சிலர் நடந்து களைத்ததும் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் தெளிவதை எழுதி வைத்தார். உழைப்பு காரணம் என்று அவர் நினைத்தார்; உடம்புச் சூடுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. உறை தேய்ந்த நரம்பிழை சாதாரணச் சூட்டில் எப்படியோ தட்டுத்தடுமாறிச் சேதியைக் கடத்திவிடும். உடம்புச் சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே சிலருக்கு அதுவும் நின்றுவிடும். குளிர்ந்ததும் திரும்பும். புதுத் தழும்பு விழுவதில்லை. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே எம்.எஸ்.ஸைக் கண்டுபிடிக்க முயன்றிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது அந்தத் தொட்டியில் உட்கார்ந்த முகம் தெரியாத மனிதர்களை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

மாத்திரை மாறியது. இப்போது மிராபெக்ரான், அது வேறு வழியில் வேலை செய்வது. ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் மாதாமாதம் அளக்கிறேன். எனக்கு ஒத்துக்கொண்டது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இதைச் சொல்லவில்லை. ஆக்ஸிபியூட்டினின் பலருக்கு நல்லதே செய்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்கள் கோடையில் தங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

சிறுநீரக டாக்டர் ஸ்கேனில் மிச்சத்தை அளந்தார்: 180 மில்லி. போய்விட்டு வந்த பிறகும் இவ்வளவு உள்ளேயே கிடந்திருக்கிறது. நானே சின்னக் குழாய் வைத்து, ஒரு நாளைக்கு மூன்று முறை பையைக் காலி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அழுதேன். குழாய் என்றாலே ஆஸ்பத்திரிக் கட்டிலில் பையைத் தொங்கவிட்டுக் கிடக்கும் உருவம்தான் மனசில். இது அப்படியல்ல என்பதை ஒரு நர்ஸ் புரியவைத்தார். கை கழுவி, கண்ணாடி வைத்துப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்து குழாயை எடுத்துவிடலாம். 1972இல் அமெரிக்காவின் லாப்பிடெஸ் என்ற மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமிநீக்கம் தேவையில்லை, சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும், பையை நிரம்பி வீங்க விடாமல் வேளாவேளைக்குக் காலி செய்வதே முக்கியம் என்று காட்டிய முறை இது. அந்த நர்ஸ் என் வயதுக்காரர். முதல் தடவை என் கை நடுங்கியபோது, "அவசரமே இல்லக்கா, இன்னிக்கு எனக்கு உங்களைத் தவிர வேற வேலையே கிடையாது" என்றார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கற்றுக்கொண்ட அடுத்த வருடத்தில் எனக்கு ஒரே ஒரு முறைதான் கிருமித்தொற்று வந்தது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கிறேன், பிரேயரில் நிற்கிறேன்.

நிற்பதற்கும் சில உபாயம் உண்டு. படுக்கையை விட்டு எழுவதற்கு முன் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால், கொஞ்ச நேரத்துக்கு அழுத்தம் ஏறி நிற்கிறது. வரிசையில் நிற்கும்போது கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவேன்; சேலைக்குள் யாருக்கும் தெரியாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல். ஒரு விஷயம் நம் ஊருக்கே உரியது, அதை விட முடியாது. கல்யாண வீட்டு விருந்தில் உட்கார்ந்தால் இலையில் விழுந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்றால் பரிமாறுகிறவர் மனசு வாடும். வயிறு நிறையச் சோறு இறங்கியதும் ரத்தமெல்லாம் குடலுக்குப் போய், எழுந்து கை கழுவப் போகும்போதே எனக்குக் கண் இருட்டும். இப்போது பாதி வயிற்றோடு எழுகிறேன். மீதியைப் பொட்டலமாகக் கட்டிக்கொடுக்கச் சொல்கிறேன், கந்தரப்பம் மட்டும் அங்கேயே சாப்பிட்டுவிடுவேன். மலச்சிக்கலுக்குக் காலைப் பலகாரம் முடிந்த அரை மணிக்குள், முட்டுகிறதோ இல்லையோ, போய் உட்கார்கிறேன். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக நகரும் நேரம் அது. உடம்பு மறந்ததைக் கடிகாரம் வைத்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தாம்பத்தியத்திலும் இந்த நரம்புகளுக்குப் பங்கு உண்டு. உணர்ச்சி குறைவதும் வறட்சியும் நோயால் வருபவை, மனசு விலகியதால் வருபவை அல்ல என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் மேலூர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாமலே வருடங்கள் போயிருக்கும்.

2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. நான் சான்றிதழுக்குப் போன அன்று நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள், கையை மடக்கச் சொன்னார்கள். நன்றாகவே நடந்தேன். நின்றால் விழுவேன் என்பதையும், வெயிலில் என் பார்வை போய்விடும் என்பதையும், நாளைக்கு மூன்று குழாய் செலவாகிறது என்பதையும் எழுத அந்தத் தாளில் கட்டமில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்த வைகாசிக்குப் பிறகு என் அப்பா, நாங்கள் அப்பச்சி என்போம், ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் கொத்தனாரை வரவழைத்து, வளவை ஒட்டியிருந்த சாமான் அறையில், பர்மாப் பெட்டிகளையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கக்கூஸ் கட்டினார். வீட்டின் நடுவில், சாமி அறைக்கு இரண்டு அறை தள்ளி. பங்காளிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். அப்பச்சி ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. முகப்பிலிருந்து அதற்கு 31 எட்டு.

என்னைப் பெற்ற ஆத்தாதான் நெடுநாள் பேசாமல் இருந்தாள். என் நோயைப் பற்றி யார் கேட்டாலும் "பிள்ளைக்கு ஒடம்புக்கு முடியல" என்பதோடு நிறுத்திவிடுவாள். மூத்திரம் என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. போன மாதம் மதுரைக்கு என்னோடு வந்தாள். டாக்டர் வழக்கம்போல, "எப்படி இருக்கீங்க?" என்றார். நான் வழக்கம்போல, "பரவாயில்ல சார்" என்று தொடங்கினேன். ஆத்தா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"பரவாயில்லாம இல்ல தம்பி. ராத்திரி மூணு தடவை மூத்திரத்துக்கு எந்திரிக்கிறா. வெளிக்குப் போயி நாலு நாளாச்சு. பொழுது சாஞ்சா ரெண்டு பாதமும் நாவப்பழமாட்டம் நீலம் பாஞ்சு சில்லுன்னு கெடக்கு. செவ்வாக்கெழமை அடுப்படியில கண்ண இருட்டிக்கிட்டு வந்து செவுத்தப் புடிச்சா, எங்கிட்ட சொல்லல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். "வேற எதுவும் இருக்காம்மா?" என்றார்.

ஆத்தா சுருக்குப்பையைத் திறந்து, நான்காக மடித்த தினக்காலண்டர்த் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில், மணியும் தடவையும் எழுதியிருந்தது. மொத்தம் 23 நாள்.